கையில் இல்லாத மூட்டை

ஆம்ஸ்டர்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமா? இங்கே மழையும் எதிர்காற்றும். சைக்கிள் மிதித்தே கால் மரத்துப் போகிறது.

கையில் இல்லாத ஷேரை எப்படிடா விற்பான் என்று போனில் கேட்டீர்களே. அந்த வித்தை தொடங்கிய ஊரே இதுதான். நான் தினமும் தாண்டிப்போகும் புதுப்பாலத்தில்தான் நானூறு வருஷத்துக்கு முன் ஷேர் தரகர்கள் நின்றார்கள். மழை வந்தால் பக்கத்துத் தேவாலயத்துக்குள் ஒதுங்குவார்களாம்.

ஐசக் லெ மேர் என்று ஒரு வியாபாரி. 1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்தபோது 85,000 கில்டர் (இந்த ஊரின் பழைய நாணயம்) போட்டவர். செலவுக் கணக்குத் தகராறில் 1605-ல் வெளியேறினார். 1609-ல் ரகசியமாகக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, கையில் இல்லாத கம்பெனி ஷேரையும் இன்ன தேதியில் இன்ன விலைக்குத் தருவதாக விற்றார். நம் மார்க்கெட் கமிட்டியில் கடலை மூட்டை வரும் முன்பே மல்லாட்டைக்கு வாக்குக் கொடுப்பீர்களே, அதேதான். விலை இறங்கினால் மலிவாக வாங்கிக் கொடுத்து மிச்சத்தை மடியில் கட்டலாம். ஏறினால் தலையில் துண்டு.

விலை இறங்கியது. விதவைகளும் அனாதைகளும் நஷ்டப்படுகிறார்கள் என்று கம்பெனி இயக்குநர்கள் அரசிடம் அழுதார்கள். 1610 பிப்ரவரியில் தடை வந்தது: கையில் இல்லாத ஷேரை விற்கக் கூடாது. இந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'காற்று வியாபாரம்'. எனக்கென்னவோ அந்த விதவைகள் மேல் இயக்குநர்களுக்கு அத்தனை அக்கறை இருந்ததாகத் தோன்றவில்லை. பத்து வருஷத்தில் காட்ட வேண்டிய கணக்கை 1612-லும் காட்டாதவர்கள்தானே! அதே 1610-ல் லாபப் பங்கைக்கூடப் பணமாகத் தராமல் ஜாதிபத்திரியாக அளந்து கொடுத்தார்கள். சமையலுக்கு எவ்வளவுதான் ஆகும்?

பழவேற்காட்டில் பழைய டச்சுக் கல்லறைகளைப் பார்த்தோமே, அதே கம்பெனிதான்.

தடை போட்டும் காற்று வியாபாரம் நிற்கவில்லை. லெ மேர் கூட்டுதான் உடைந்தது, கூட்டாளிகள் சிலர் திவாலானார்கள். 1624-ல் அவர் இறந்தபோது கல்லறையில் என்ன பொறித்தார்கள் தெரியுமா? முப்பது வருஷத்தில் லட்சத்துக்கும் மேல் கில்டர் இழந்தார், மானத்தைத் தவிர.

நீங்கள் அந்த ஒரு வருஷம் மல்லாட்டையில் எவ்வளவு விட்டீர்கள் என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாதுதானே? கடிதத்தைப் படித்துக் காட்டும்போது இந்த வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்