யாழினியின் மூக்கும் என் காதும்

தூத்துக்குடி,
ஐப்பசி 20

அன்புள்ள கோமதி,

இங்கு எல்லோரும் நலம். அண்ணனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஆனி மாதம் நீ எழுதிய கடிதம் இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் கிடக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பேன், எழுந்து போய்விடுவேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள். உப்புமா டீச்சரிடம் மூன்று வருடம் வாங்கிய திட்டுக்கு மேலா நீ திட்டிவிடப் போகிறாய்?

ஆனால் நேற்று இரவு உன் மகள் யாழினி பேசிய பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. "பெரியம்மா, மூக்கு ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டியாயிற்று. கார்த்திகை கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார்கள், தையில் கல்யாணம்" என்று பட்டுப்புடவைக்குச் சரிகை பார்த்து வந்தவள் போலச் சொல்கிறாள். அவளை மூக்கு ஆபரேஷனுக்கு விடலாமா என்றுதானே நீயும் ஆனியில் கேட்டிருந்தாய். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் என் காது. உன்னிடமும் மறைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், சிரித்துவிட்டு மேலே படி.

எங்கள் ஆச்சியின் காது உனக்கு நினைவிருக்கும். குணுக்கு போட்டுத் தோள்வரை வளர்த்த காது, அதில் பாம்படம். அவள் தங்கச்சி நாகரிகம் வந்ததும் அறுத்துத் தைத்துக்கொண்டாள். ஆச்சி மட்டும் "என் காது என்னோடு வேகட்டும்" என்று இருந்துவிட்டாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஜிமிக்கி போட்டுப் போன எனக்கோ அறுக்காமலேயே அறுந்தது. இடது காதில் துளை நீண்டு நீண்டு, சித்திரையில் பேத்தி இழுத்த இழுப்பில் இரண்டாகப் போய்விட்டது. பெரியகடைப் பக்கத்து அழகு நிலையத்தில் 'தையல் இல்லாமல் காது ஒட்டப்படும்' என்று போட்டிருந்தான். வரலாற்று ஆசிரியை, ஊருக்கெல்லாம் புத்தி சொல்பவள், நேரே போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் ஒரு குச்சியின் நுனியில் ஏதோ திராவகத்தைத் தொட்டுக் கிழிசலின் இரண்டு ஓரத்திலும் தடவினாள். தோல் கண்ணெதிரே வெள்ளையாகப் பூத்தது. ஓரங்களைப் புண்ணாக்கி, அந்தப் புண் ஆறும்போது ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் அவர்கள் கணக்கு. முன்பக்கம் ஒட்டியது, பின்பக்கம் ஒட்டவில்லை. மூன்றாம் மாதம் ஒட்டிய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி, பளபளவென்று, இரவெல்லாம் அரிப்பு. அதற்குப் பெயர் கீலாய்டு. புண் ஆறிய பிறகும் தழும்பு நிற்காமல் புண்ணின் எல்லையைத் தாண்டி வளர்வது. நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு அது அதிகம், காது மடலுக்கு இன்னும் அதிகம்.

முதலில் உள்ளூரில் ஒருவரிடம் போனேன். நான் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் "நாளைக்கே எடுத்துவிடலாம்" என்றார். சந்தோஷமாக வெளியே வந்தேன். உன் தோழனுக்குத்தான் (அதாவது எங்கள் வீட்டுக்காரருக்கு) அது பிடிக்கவில்லை. கத்தரிக்காய் வாங்கினாலே நான்கு கடை ஏறி இறங்குகிற மனிதர். மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கோமு, அந்த மதுரை மருத்துவரின் வாசலில் நான் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தைத்தான் உனக்கு எழுத வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் நடிகைகளும் பணக்காரிகளும் வரிசையில் இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். என் பக்கத்தில் இருந்தவன் பதினோரு வயதுப் பையன். அடுப்பில் விழுந்து கழுத்து வெந்து, தோல் சுருங்கித் தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. விட்டத்தை அண்ணாந்து பார்க்க அவனால் முடியாது. சுருங்கிய இடத்தை அறுத்து விடுவித்து, தொடைத் தோலை எடுத்து அங்கே பரப்புவார்களாம். எதிரே உதடு பிளந்த ஒரு கைக்குழந்தை. உதட்டை மூன்று மாதம் வாக்கில் தைத்துவிடலாம், அண்ணத்தை ஒரு வயது சுமாருக்குச் செய்வார்கள் என்று அதன் அம்மா எனக்குப் பாடமே எடுத்தாள். இன்னொருவர் லேத் பட்டறையில் விரல் போனவர். நான் என் கட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

பிளாஸ்டிக் என்ற சொல்லுக்கும் குடத்துக்கும் சம்பந்தமே இல்லை. கிரேக்கத்தில் 'பிசைந்து உருக்கொடுப்பது' என்று பொருள். வகுப்பில் மைசூர்ப் போரை நடத்தும்போது ஒன்று சொல்வேன். ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்பவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். புனே பக்கத்தில் ஒருவர் மெழுகில் மூக்கு செய்து, அதை நெற்றியில் விரித்து அளவெடுத்து, அந்த அளவுக்குத் தோலை அறுத்து, புருவத்தின் நடுவில் மட்டும் ஒட்டுவிட்டு, கீழே திருப்பி மூக்காக வைத்தார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அது படத்தோடு வந்தது. பிள்ளைகள் 'சீ' என்பார்கள். யாழினியிடம் இதைச் சொல்லிப் பார், கொஞ்சம் பயப்படட்டும்.

சரி, என் முறை வந்தது. மருத்துவர் காதைப் பார்க்கும் முன் கையைப் பார்த்தார், சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு தடித்திருக்கிறதா என்று. சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். பிறகு, "இப்போது நான் அறுத்தால் நீங்கள் மகிழ்ச்சியாகப் போவீர்கள். அடுத்த வருடம் இதைவிடப் பெரியதாக வந்து நிற்பீர்கள்" என்றார். வெறுமனே அறுத்தால் திரும்ப வருவதுதான் அதிகமாம். மாதம் ஒரு ஸ்டீராய்டு ஊசி, தானாகத் தட்டையாகிறதா என்று பார்ப்பது, அதற்கு மேல் தேவைப்பட்டால் அறுவை, அதன்பின்னும் ஊசி, காதை அழுத்திப் பிடிக்கும் ஒரு கிளிப். மூன்று ஊசி ஆகிவிட்டது. கட்டிக்குள் மருந்து இறங்கும்போது ஆச்சி, அம்மா, உப்புமா டீச்சர் எல்லோரும் கண்ணில் தெரிகிறார்கள்.

இப்போது யாழினி. விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து அவள் மூக்கில் ரத்தம் கொட்டியதை மறந்துவிட்டாயா? என் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறாள். உள்ளே நடுச்சுவர் வளைந்திருக்கிறதா என்று அங்கே ஒருவராவது விளக்கடித்துப் பார்த்தார்களா? கேட்டேன். "கம்ப்யூட்டரில் புது மூக்கைக் காட்டினார்கள் பெரியம்மா" என்கிறாள். மூச்சே சரியாக வராத மூக்கை வெளியே இன்னும் ஒடுக்கினால் அந்தப் பிள்ளை எதனால் மூச்சு விடும்? நடுச்சுவர் வளைவுதான் என்றால் அது வைத்தியம். அழகுக்குத் தராத காப்பீடு இதற்குப் பெரும்பாலும் தரும். இரண்டையும் ஒரே அறுவையில் செய்கிறவர்களும் உண்டு. முதல் தடவை கெடுத்துவிட்டால், அடுத்த முறை குருத்தெலும்புக்குக் காதையோ விலாவையோ தொட வேண்டிவரும். என் காதைத் தருகிறேன் என்று சொல், வலதுகாது நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம் தேதி. மூக்கு வீக்கம் பெரும்பகுதி சில வாரங்களில் வடியும், நுனி சரியாக ஒரு வருடம்வரை ஆகும். கார்த்திகை கடைசியில் அறுத்துத் தையில் மாலை மாற்றப் போகிறாள் என்றால், அந்த இடத்தில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டாமா? பணம் வாங்கிக்கொண்டாரே, எனக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது.

அந்த மருத்துவரின் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார். நம் ஊரில் எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், பொது அறுவையில் எம்.எஸ். மூன்று, அதற்கும் மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். மூன்று. மூக்கு என்பதால் காது மூக்கு தொண்டை மருத்துவர்களிலும் இதைப் பழகிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பில்லை. ஆனால் 'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்று பலகையில் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு பட்டம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், முடி நடும் சிகிச்சையைப் பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்ப்பது பயிற்சி ஆகாது என்று எழுதியே சொல்ல வேண்டிவந்ததே! பதிவு எண்ணைக் கேள், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் பெயரைத் தேடலாம். மயக்க மருந்து கொடுப்பவர் யார், அறுவை முடியும்வரை அறையில் இருப்பாரா, மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றும் கேள். சிரித்து மழுப்பினால் எழுந்து வந்துவிடு. முன்பணம் போனால் போகட்டும்.

மூக்கை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவள் மூக்கு, அவள் முகம். பத்து வருடமாகக் கண்ணாடியைப் பார்த்து அந்தப் புடைப்பைத் தடவிக்கொண்டிருப்பவள் அவள். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒரு அத்தை சொன்னதற்காக என்றால் அந்த அத்தையை என்னிடம் அனுப்பு.

வெள்ளிக்கிழமை எனக்கு நான்காவது ஊசி. வியாழன் இரவே யாழினியை மதுரைக்கு ரயிலேற்றிவிடு, நான் ஸ்டேஷனில் நிற்கிறேன். என்னோடு உள்ளே வந்து அந்த மருத்துவரிடம் மூக்கைக் காட்டட்டும். அவர் செய்யலாம் என்று சொன்னால் கல்யாணம் முடிந்து ஆற அமரச் செய்துகொள்ளலாம். விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரே அண்ணனின் பீரோவில் இருந்தால் கொடுத்தனுப்பு. அப்படியே உன் கையால் கொஞ்சம் மோர் மிளகாயும்.

தையில் கல்யாணத்துக்கு இடது காது மூளியாகத்தான் வருவேன். போட்டோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவை, என்னை வலது பக்கமாக நிறுத்தச் சொல்லி.

உன்,
செல்வராணி