சின்னவளின் மருந்துப் போத்தல்

அன்பு மகள்,

நீ கதைச்சு பதினைஞ்சு நாளாகுது. போன்தான் பழுதாக்கும் எண்டு இருந்தன். மறுகா மாமி சொல்லித்தான் தெரியும், நீ கோட்டால பொறுப்பெடுத்து வளர்க்கிற சின்னவளுக்கு வலிப்பு வந்து திருக்கோவில் ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கிடந்தாளாம். சரி. முருங்கை நல்லாக் காய்க்குது, அது கிடக்கட்டும்.

அவளின்ட வலிப்புப் பாணி மருந்தை எதால அளக்கிறாய்? தேத்தண்ணிக் கரண்டியாலெண்டா இண்டைக்கே நிப்பாட்டு. ஒரு கரண்டி மூண்டு மில்லி பிடிக்கும், பக்கத்துக் கரண்டி ஏழு பிடிக்கும். பாமசியில ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் வாங்கு. போத்தலில 5 மில்லிக்கு 200 மில்லிகிராம் எண்டு இருந்தா, 4 மில்லியில 160 மில்லிகிராம். கிளினிக் கொப்பியில டொக்டர் எழுதினது மில்லியா மில்லிகிராமா எண்டு திருப்பிப் பார். கனக்கப் பேர் பிழை விடுறது இதிலதான். கன்னத்தின் உள்பக்கமா மெல்ல விடு, தொண்டைக்கு நேரே பீச்சாதே. குடிச்சு அரை மணித்தியாலத்துக்குள்ள சத்தியெடுத்தா அதே அளவைத் திரும்பக் குடு, அதுக்குப் பிறகெண்டா வேண்டாம். மறந்துபோனா அடுத்த நேரம் ரெண்டு மடங்காக் குடுக்காதே. வலிப்பு வரல்ல எண்டு நீயா நிப்பாட்டவும் ஏலா, சடாரெண்டு விட்டா முந்தினதைவிடக் கடுமையா வரலாம்.

நீ ஒருதரம், மருமகன் ஒருதரம் எண்டு ரெண்டு பேரும் குடுத்துப்போடாம கலண்டரில நேரம், அளவு, குடுத்த ஆளின்ட எழுத்து மூண்டையும் போடு. சின்னவள் தன்னைப் பெத்த தாயிட்ட லீவுக்குப் போனாலும் அந்தத் தாளையும் போத்தலையும் சேர்த்து அனுப்பு.

ஆஸ்பத்திரியில "மருந்து ஏதும் ஒத்துவராதா" எண்டு கேட்டா "இல்லை" எண்டு சொல்லாதே. "தெரியாது" எண்டு சொல்லு. இல்லத்தில இருந்து வந்த பிள்ளை, அஞ்சு வயசுக்கு முந்தின கதை உனக்கு எப்படித் தெரியும்? கோட்டுக் கட்டளையின்ட பிரதி, கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியால விடேக்க தாற டயக்னோசிஸ் காட், பிள்ளையின்ட விஷயம் பார்க்கிற நன்னடத்தை அலுவலர் மிஸ்ஸின்ட நம்பர் எல்லாம் ஒரு பிளாஸ்ரிக் உறையில கதவடியில தொங்கட்டும். ஒப்பரேஷன் எண்டு வந்தா ஆர் கையெழுத்து வைக்கிறது எண்டு மிஸ்ஸிட்ட இப்பவே கேட்டு வை.

காய்ச்சலுக்குப் பனடோல் பாணி ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 5 மில்லியில 120 இருக்கிற போத்தலெண்டா 16 கிலோப் பிள்ளைக்கு 10 மில்லி. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல வேண்டாம். மாரி முடியிற நேரம், டெங்குக் காலம். ஐபுபுரோபன் எண்ட காய்ச்சல் மருந்து கிட்டவும் வரப்படாது. மூண்டாம் நாளும் காய்ச்சல் விடல்லையெண்டா ரத்தம் பார்க்கக் கொண்டு போ.

கிளினிக்குக்கு ஒரு தவணையும் பிந்தல்லையாம், மாமி சொன்னா. எனக்குத் தெரியும், நீ அப்படித்தான். ஆனா எனக்கு ஒரு சொல் சொல்லல்லையே கா.

வலிப்பு வந்தா நேரத்தைப் பார். பக்கத்துக்குச் சரிச்சுப் படுக்க வை, தலைக்குக் கீழ துணி. இழுக்கிற கையைக் காலைப் பிடிச்சு அமத்தாதே. அஞ்சு நிமிஷம் தாண்டினா, இல்லாட்டி முழிக்க முதல் ரெண்டாவது வந்தா, 1990 அம்புலன்சுக்கு அடி, அதுக்குக் காசு குடுக்கத் தேவையில்லை. வாய்க்குள்ள ஒண்டும் வைக்காதே. தண்ணி, திறப்பு, கரண்டி ஒண்டும்.

தம்பியின்ட முன்பல் படியில விழுந்து போகல்ல. காய்ச்சல் வலிப்பில கரண்டிக் காம்பைச் செருகினவள் நான். உங்கட அப்பாவுக்கும் பொய்தான் சொன்னன். அப்படிப்பட்ட நான்தான் கோட்டுக்குப் போன அண்டைக்கு "நோய்க்காரப் பிள்ளையை ஏன் தலையில கட்டுறாய், உனக்குப் பார்க்கத் தெரியுமா" எண்டு கேட்டன். நீ ஒண்டும் சொல்லல்ல.

சிரிஞ்ச் வாங்கு. சின்னவளின்ட நிறை கடைசியா எப்ப பார்த்தது? நிறை கூடினா அளவையும் மாத்த வேணும், கிளினிக்கில கேள். எத்தனை கிலோ எண்டு எனக்கும் சொல்லு.

அம்மா
கல்லடி