சதவீதத்தோடு எண்ணிக்கையும் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில் குடல் பக்டீரியாக்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். இத்தகைய விடயத்தைத் தமிழில் எழுதுவதே பாராட்டுக்குரியது. ஆயினும், ஓர் இனத்தின் பங்கு 30 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறங்கியதைக் காட்டி, அவ்வினம் பாதியாக அழிந்துவிட்டது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை, உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பிக்கும் நான் ஏற்க முடியவில்லை.

மல மாதிரியிலுள்ள டி.என்.ஏ.யை வாசிக்கும் முறை, எந்த இனத்துக்கு எத்தனை பங்கு என்பதைச் சொல்லுமேயன்றி, மொத்தம் எவ்வளவு என்பதைச் சொல்லாது. மூன்று இனங்கள் முறையே 40, 30, 30 கோடி இருப்பதாகக் கொள்வோம். முதலாவது மட்டும் 140 கோடியாகப் பெருகினால் மொத்தம் 200 கோடியாகும். மற்ற இரண்டிலும் ஒன்றுகூடக் குறையாமலே அவற்றின் பங்கு 15 சதவீதமாகிவிடும். பக்கத்து நிரையில் ஒருவர் கூடுதலாகப் பறித்தார் என்பதற்காக, நம் கூடையிலுள்ள தேயிலைக் கொழுந்தின் நிறையை எந்தக் கணக்கப்பிள்ளையும் குறைத்து எழுதுவதில்லை.

பங்குகளை வைத்துத் தொடர்பு தேடினால் பொய்யான தொடர்புகள் தோன்றும் என்று புள்ளிவிபரவியலாளர் கார்ல் பியர்சன் 1897இலேயே எச்சரித்தார். அதே துறையைச் சேர்ந்த ஜோன் அயிட்சிசன் 1982இல் வழியொன்று காட்டினார்: பங்குகளை விட்டுவிட்டு, இரு இனங்களுக்கிடையிலான விகிதத்தின் மடக்கையை (log) எடுப்பது. மேலுள்ள உதாரணத்தில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்குமான விகிதம் முன்னும் பின்னும் 1 ஆகவே இருப்பதை மாணவர் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எந்த இனம் எதை வளர்க்கிறது, எதை அடக்குகிறது என்று அறிவதற்கு, இரைக்கும் அதை உண்ணும் இரைகௌவிக்குமாக 1920களில் லொட்கா, வொல்ட்டெரா என்னும் அறிஞர்கள் அமைத்த, எண்ணிக்கை மாறும் வேகத்தைக் கூறும் வகையீட்டுச் சமன்பாடுகளை ஆய்வாளர்கள் விரிவாக்கிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 100 இனங்களுக்கு 100 வளர்ச்சி வீதங்களும், ஓர் இனம் இன்னோர் இனத்தையோ தன்னையோ எவ்வளவு பாதிக்கிறது என்று கூறும் 10,000 இடைத்தாக்கக் குணகங்களும் வேண்டும். ஒரே நாளில் எடுத்த ஒரு மாதிரியிலிருந்து இவற்றைப் பெற இயலாது. நாட்கணக்கில் தொடர்ந்து எடுத்த மாதிரிகளும், அவற்றிலுள்ள மொத்த எண்ணிக்கையும் தேவை. பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 2017இல் கலங்களை நேரடியாக எண்ணிப் பார்த்தபோது, நலமானவர்களுக்கிடையிலேயே மொத்த எண்ணிக்கை பத்து மடங்கு வரை வேறுபட்டது.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கடும் மந்தபோசணையுள்ள பங்களாதேசப் பிள்ளைகளின் குடல் பக்டீரியாச் சமூகம் வயதுக்கேற்ற முதிர்ச்சி பெற்றிருக்கவில்லை என்று 2014இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நமது பெருந்தோட்டப் பகுதியிலோ, 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மூவரில் ஒருவர் அளவில் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். ஆகவே இந்த ஆய்வுகள் லயங்களில் வாழும் தாய்மாருக்கு நேரடியாக வேண்டியவை. சதவீதத்தைத் தவறாக வாசித்து, ‘நல்ல பக்டீரியா குறைந்துவிட்டது’ என்ற அச்சத்தில் அவர்கள் விலையுயர்ந்த பானங்களை வாங்கும் நிலை வரக்கூடாது.

இனி இத்தகைய கட்டுரையை வெளியிடுமுன், ஒரு கிராம் மாதிரியில் மொத்தம் எத்தனை கலங்கள் எண்ணப்பட்டன என்று கட்டுரையாளரிடம் கேட்டு, அந்த எண்ணையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எண்ணப்படவில்லையென்றால் அதையும் ஒரு வரியில் குறிப்பிடலாம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை,
ஹட்டன்.