சங்கத்தைக் கேட்டுவிட்டுப் பகிருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தொழிலாளர் போராட்டங்களுக்கு இணையத்தில் திரளும் ஆதரவைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்ற கணக்கெல்லாம் அதில் இருந்தது. அந்தப் பிரச்சாரத்தை நடத்தச் சொன்னது யார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் பதினோரு வருடம் கார்மெண்ட்ஸில் டெய்லராக இருந்தவள். இப்போது சங்கத்துக்கு வரும் வெளிநாட்டுக் கடிதங்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் வேலை பார்த்த கம்பெனியில் நடந்தது இது. ஷிப்ட் முடிந்து பெண்கள் கேட்டுக்கு வெளியே கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். ஆதரவு தெரிவிக்க வந்த ஒரு தம்பி செல்போனில் படம் எடுத்து, அன்று ராத்திரியே ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். நல்ல மனசோடுதான் செய்தார். இரண்டே நாளில் அந்தப் படம் எங்கெங்கோ போய்விட்டது. மூன்றாம் நாள் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் அந்தப் படத்தைப் பெரிதாக பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்கள். மூன்று முகங்களைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம். "இவங்க யாரு, எந்த லைன்?" என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாரக் கடைசியில் மூன்று பேரையும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருத்தி சங்கத்தில் சேர்ந்ததை வீட்டுக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அதற்காக இணையமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1998-இல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் லேபர்ஸ்டார்ட் என்ற தளம் இதை ஒழுங்காகச் செய்துகாட்டியிருக்கிறது. ஒரு தொழிற்சங்கம் கேட்டால்தான் அங்கே பிரச்சாரம் தொடங்குவார்கள். யாருக்குக் கடிதம் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் சங்கத்தோடு பேசி முடிவாகும். அதன் பிறகு பல நாடுகளிலிருந்து, பல மொழிகளில், அவரவர் பெயரில் அந்த நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் குவியும். எங்கோ ஒரு மூலையில் இருக்கிற ஆலை, கேட்பாரில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் மேனேஜருக்கு, உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எங்கள் திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் இங்கே ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு தலித் பெண் கொலை செய்யப்பட்டார். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் நீதி கேட்டது. ஆசிய ஆடைத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டணியான ஆசியத் தளக்கூலிக் கூட்டமைப்பும் (Asia Floor Wage Alliance) தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் அமெரிக்காவைச் சேர்ந்த குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும் அந்தக் குரலைத் துணி வாங்குகிற கம்பெனிகளின் வாசலுக்கே கொண்டுபோயின. 2022 ஏப்ரலில் அந்த ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் அதனிடம் துணி வாங்கிய எச் அண்ட் எம்மும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் அப்படி வந்ததுதான். பாலியல் தொல்லையைப் பற்றிப் புகார் சொல்ல, பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிற, சங்கம் பயிற்சி கொடுத்த பெண் ஒருத்தியே ஆலைக்குள் இருக்க அந்த ஒப்பந்தம் வழி செய்தது. லைன் சூப்பர்வைசர் கத்தினால் வாயை மூடிக்கொண்டு குனிந்து தைத்த எங்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அதே 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்கு உள்ளே வரத் தடை போட்டது. ஒப்பந்தத்தின் கீழ் நடந்த மாற்றங்களைப் பார்த்த பிறகு செப்டம்பரில் தடையை நீக்கியது. தடை நீண்டிருந்தால் ஆர்டர் போயிருக்கும், முதலில் அணைந்திருப்பது எங்கள் வீட்டு அடுப்புதான். "இந்தக் கம்பெனித் துணியை வாங்காதே" என்று எனக்கு ஃபார்வர்டு வரும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொள்வேன். புறக்கணிக்கச் சொல்வதா, துணி வாங்கும் பையர் இங்கேயே இருந்து ஆலையைத் திருத்த வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அங்கே வேலை செய்கிறவர்கள். வெளியில் இருக்கிறவர்களின் கோபம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் சரி.

2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்கப் பதிவுக்காக 37 நாள் வெளியே உட்கார்ந்திருந்தபோதும் ஆதரவு நிறையவே வந்தது. அக்டோபரில் வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் பழைய பதிவுகள் புதுச் செய்தி போலச் சுற்றிக்கொண்டிருந்தன. பேச்சுவார்த்தை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது தெரியாமல் அப்படிப் பகிர்வதால், சங்கம் ஒன்று சொல்ல ஊர் வேறொன்று சொல்லும் நிலைமை வந்துவிடும்.

ஆகவே தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். இனி இப்படிப்பட்ட பிரச்சாரத்தைப் பற்றி எழுதும்போது, எந்தச் சங்கம் கேட்டு நடக்கிறது, கோரிக்கை என்ன, இன்னும் நடக்கிறதா முடிந்துவிட்டதா என்ற விவரத்தைச் சேர்த்துப் போடுங்கள். கேட்டில் எடுத்த படங்களில் முகங்களை மறைத்து வெளியிடுங்கள். தங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்கும் சிறுபெண்ணின் முகம் தெளிவாகத் தெரிகிறது. இணையப் பதிப்பிலாவது அதை இன்றே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கார்மெண்ட்ஸ் தொழிலாளி ஒருவர்,
வேடசந்தூர்.