ஒருவர் போனாலும் கரை முழுக்கக் கூட வேண்டும்

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் குளச்சல் வரையுள்ள பங்குப்பேரவைகளுக்கும், பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கும் அன்பியங்களுக்கும்,

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே,

நவம்பர் 30 வருகிறது. ஒக்கிப் புயலில் போனவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்போம், படங்களுக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அது கட்டாயம் வேண்டும். ஆனால் இந்த வருடம் திருப்பலி முடிந்ததும் கலைந்துவிட வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

2017-இல் நாம் யாராக இருந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். புயல் எழுந்தபோது நம் ஆட்கள் ஆழ்கடலில், பல நாள் அங்கேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை சொன்னபோது அது அவர்களுக்குப் போய்ச்சேர வழியே இல்லை. படகில் இருந்த வயர்லெஸ் கருவிக்கு அவ்வளவு தூரம் எட்டாது. தேடும் வேலை மெதுவாக நடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் நம் ஆட்களே படகு எடுத்துக்கொண்டு போனார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேர் குழித்துறை ரயில் நிலையம் வரை நடந்துபோய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். கைக்குழந்தையோடு வந்த தாய்மார் உண்டு, தடி ஊன்றி வந்த பாட்டிமார் உண்டு. ஒரு வாரமாக வீட்டுக்கு வீடு ஒப்பாரி கேட்டுக்கொண்டிருந்த சனம் அது. அன்று முதலில் கேட்டது காசு இல்லை. "தேடுங்கள்" என்றுதான் கேட்டோம்.

அதன் பிறகுதான் முதலமைச்சர் வந்தார், இறந்தவர் குடும்பத்துக்கான நிவாரணம் 20 லட்சமாக உயர்ந்தது. உடல் கிடைக்காதவர் இறந்துவிட்டார் என்று சட்டம் ஒத்துக்கொள்ள ஏழு வருடம் ஆக வேண்டும். புருஷன் வரவில்லை, விதவை என்ற சான்றும் இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த நிலையில் ஏழு வருடம் எப்படிக் காத்திருப்பது? காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அவ்வளவு காலம் காக்க வைக்காமல் உதவி கிடைத்ததென்றால், அது நாம் சேர்ந்து அழுததால், சேர்ந்து நடந்ததால். என் சித்தப்பா மகனும் அந்தப் பட்டியலில் இருந்தான். சித்தி தனியாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருந்தால் ஒரு கதவும் திறந்திருக்காது.

இப்போது தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தைப் பாருங்கள். படகுகள் கடலுக்குப் போய்வரும் முகத்துவாரத்தில் மணல் மேடிடுகிறது, அலை தூக்கி அடிக்கிறது, படகு கவிழ்கிறது. எத்தனையோ பேரை அங்கே பறிகொடுத்துவிட்டோம். ஆனால் அங்கே சாவு ஒவ்வொன்றாக வருகிறது. இன்று ஒரு ஊரில் ஒருவர், சில மாதம் கழித்து இன்னொரு ஊரில் ஒருவர். அந்தந்தப் பங்கு அடக்கம் செய்கிறது, அந்த அன்பியம் ஜெபமாலை சொல்கிறது, பக்கத்து ஊர் இரங்கல் பேனர் கட்டுகிறது. சரி, அப்புறம்? மறியல் நடக்கிறது, அதிகாரிகள் வந்து பேசுகிறார்கள், கூட்டம் கலைகிறது. ஒக்கி எல்லா வீட்டையும் ஒரே இரவில் தட்டியதால் ஒன்றாக எழுந்தோம். முகத்துவாரம் ஒவ்வொரு வீடாகத் தட்டுவதால் தூங்கிக்கொண்டிருக்கிறோம். என்னை உறுத்துவது இதுதான். கரையில் செத்த ஒருவனின் துக்கத்தை அவன் தெருவுக்கு மட்டும் விட்டுவிட்டால், அடுத்தவனின் சாவுக்கு நாமும் இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் வரும் கைம்பெண்ணைப் பற்றிப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மனந்தளராமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்காகவே இயேசு அந்தக் கதையைச் சொன்னார். ஆனால் அந்தப் பெண் வீட்டுக்குள் முழந்தாளிட்டு இருந்துவிடவில்லை. கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத நடுவரிடம் திரும்பத் திரும்பப் போய் நின்றாள். நம் ஊர்களில் கைம்பெண்கள் எத்தனை பேர்! அவர்களை நினைவுநாளன்று முன்வரிசையில் உட்கார வைத்து அழவிட்டு அனுப்புவது போதாது. அவர்கள் முன்னே நடக்க, நாம் பின்னே போக வேண்டும்.

ஆகவே இரண்டு காரியம் கேட்கிறேன். நவம்பர் 30 திருப்பலியில் ஒக்கியில் போனவர்களின் பெயரோடு முகத்துவாரத்தில் போனவர்களின் பெயரையும் எல்லாப் பங்குகளிலும் வாசியுங்கள். தூத்தூரில் இறந்தவன் பெயர் குளச்சலில் கேட்கட்டும், இனயத்தில் இறந்தவன் பெயர் வள்ளவிளையில் கேட்கட்டும். அடுத்தது, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்துக்குச் சங்கத் தலைவர்களை மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு பங்கின் பெண்கள் முறை வைத்துப் போகட்டும். கேள்வி இரண்டே போதும்: மணலை எப்போது அள்ளுவீர்கள், அலைத்தடுப்புச் சுவர் வேலை எதுவரை வந்திருக்கிறது? பதிலை எழுத்தில் வாங்கி, அடுத்த ஞாயிறு கோயில் அறிவிப்பில் வாசியுங்கள். அடுத்த முறை போகிறவர்கள் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்கு மேல் கேட்கட்டும்.

எங்கள் அன்பியத்தில் பெயர்களை எழுதத் தொடங்கிவிட்டோம். உங்கள் ஊரில் முகத்துவாரத்தில் போனவர்களின் பெயர், இறந்த வருடம் இரண்டையும் குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதி, நவம்பர் முதல் ஞாயிறுக்குள் உங்கள் பங்குத்தந்தையிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கரையைச் சேர்ந்த ஒரு சகோதரி