கசங்கிய மழைக்கோட்டுக்காரருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

இந்த மாதத்தோடு கணக்குத் தணிக்கை வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். விடைபெறும்போது உதவியவர்களுக்கு நன்றி சொல்வது மரபு. பட்டியல் எழுத உட்கார்ந்தால், பாதி இடத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையின் கொலை வழக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு கற்பனை மனிதர் பிடித்துக்கொள்கிறார். அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'கொலம்போ' துப்பறியும் தொடரில், எப்போதும் கசங்கிய மழைக்கோட்டோடு வரும் லெப்டினன்ட் கொலம்போ. பெயரைச் சொன்னதும் அலுவலகத்தில் பலர் தலையில் கை வைத்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. கடைசியாக ஒருமுறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி கொலம்போவைப் படைத்த ரிச்சர்ட் லெவின்சனுக்கும் வில்லியம் லிங்குக்கும். பள்ளிப் பருவத்திலேயே நண்பர்களாகி, வாழ்நாள் முழுவதும் சேர்ந்தே எழுதியவர்கள். லெவின்சன் 1987இலும் லிங்க் 2020இலும் காலமாகிவிட்டார்கள். துப்பறியும் கதை என்றால் கொலைகாரன் யார் என்பதைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்துவைக்க வேண்டும் என்பது பொது வழக்கம். இவர்கள் கொலையையும் கொலை செய்தவரையும் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். நாயகன் வருவதற்கே பல கதைகளில் கால் மணி நேரம், சில கதைகளில் அதற்கும் மேல் ஆகிவிடும். இந்த உத்தியைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள் அல்லர். ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிப் பார்த்துவிட்டார். ஆனால் தொலைக்காட்சியில் வாரக்கணக்கில் அதையே நம்பிக் கதை சொல்லத் துணிச்சல் வேண்டும்.

தணிக்கைக்காரனுக்கு இந்த அமைப்பு உடனே பிடித்துப்போகும். எங்கள் வேலையிலும் யார் என்பது பெரிய மர்மமாக இருப்பது அபூர்வம். இருப்புக் குறைந்திருந்தால் சாவி யாரிடம் இருந்தது என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். எப்படி என்பதும், அதை எந்தத் தாளை வைத்து நிறுவுவது என்பதும்தான் மீதி மாதங்களைத் தின்கின்றன. குடும்பத்துச் சண்டைகளிலும் இப்படித்தான். யார் மீது தவறு என்பதைச் சொல்ல எல்லோரும் தயாராக இருப்பார்கள். என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னால் அமைதியாகிவிடுவார்கள்.

'இன்னும் ஒரே ஒரு விஷயம்' என்று வாசல் வரை போனவர் திரும்பி வருவாரே, அந்தப் புகழ்பெற்ற பழக்கம் பிறந்த கதையை லிங்க் சொல்லியிருக்கிறார். இந்தப் பாத்திரத்தை வைத்து இருவரும் மேடை நாடகம் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு காட்சி நீளம் போதாமல் நின்றதாம். கொலம்போ ஏற்கெனவே வெளியேறிவிட்டார். காட்சி முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, அவரையே திரும்ப அழைத்து இன்னொரு கேள்வி கேட்க வைத்துவிட்டார்கள். அந்தச் சோம்பலுக்குத் தனியாக ஒரு நன்றி. அது எனக்குச் சோறு போட்டிருக்கிறது. விசாரணை முடிந்துவிட்டது என்று எதிரே இருப்பவர் நாற்காலியில் சாய்ந்து உட்காரும் அந்தக் கணத்தில் கேட்கப்படும் கேள்விக்கு வரும் பதில், அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கேட்டவற்றுக்கு வந்த பதில்களைவிட எப்போதும் சுருக்கமாகவும் நேராகவும் இருக்கும்.

அடுத்தது கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க். இவருக்கு என்ன சொல்லி நன்றி செலுத்துவது என்று தெரியவில்லை. மூன்று வயதில் புற்றுநோயால் வலது கண்ணை இழந்தவர். கண்ணாடிக் கண்ணோடு வளர்ந்து, நடிக்க வந்து, அந்தக் கண்ணைக் காரணம் காட்டியே ஒரு பெரிய ஸ்டுடியோவால் நிராகரிக்கப்பட்டு, பிறகு 1960, 1961 ஆண்டுகளின் படங்களுக்காக அடுத்தடுத்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். கொலம்போ வேடத்துக்காக மட்டும் நான்கு முறை எம்மி விருது வாங்கினார். இத்தனைக்கும் இந்த வேடம் அவருக்கு முன் பாடகர் பிங் கிராஸ்பியிடம் போனது. அவர் வேண்டாம் என்றார். கிராஸ்பிக்கும் ஒரு நன்றி.

ஃபால்க்கைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. நடிப்பை முழுநேரமாக எடுத்துக்கொள்வதற்கு முன், பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, கனெக்டிகட் மாநில அரசின் வரவுசெலவுத் துறையில் வேலை பார்த்தார். அதாவது, நம் இனம். அந்த மழைக்கோட்டும் அவருடைய சொந்தக் கோட்டுதான். பைக்குள் கையை விட்டுப் பென்சிலைத் தேடி, மளிகைச் சீட்டை எடுத்து, மறுபடி தேடும் அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கும்போதெல்லாம், அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே அவர் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாரோ என்று நினைத்துக்கொள்வேன். ஆதாரமில்லாத ஊகம்தான், தணிக்கைக் குறிப்பில் எழுத மாட்டேன்.

கொலம்போவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது முதன்மையாக ஒன்று: தெரியாததைத் தெரியாது என்று எதிராளி முன்னாலேயே சொல்வது. 1973இல் வந்த 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' என்ற கதையில் கொலையாளி ஒரு ஒயின் தயாரிப்பாளர், ஏட்ரியன் கார்சினி. டொனால்ட் பிளெசன்ஸ் நடித்தார். திராட்சைத் தோட்டத்தை விற்கத் துடிக்கும் சகோதரனைத் தாக்கி, ஒயின் சேமிப்பறையில் அடைத்துவிட்டு, குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டு நியூயார்க் போய்விடுகிறார். கொலம்போவுக்கு ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. நிபுணர் ஒருவரிடம் போய், எல்லாவற்றையும் கற்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்கிறார். பல பத்தாண்டுகள் என்று பதில் வருகிறது. சரி, ஒன்றரை மணி நேரத்தில் என்ன கற்றுத்தர முடியும் என்று அடுத்த கேள்வி!

ஒரு துறையின் கணக்கைப் பார்க்கப் போகும் புதியவர்கள் பலர் அந்தத் துறை தெரிந்தவர் போல நடிப்பதிலேயே முதல் வாரத்தைக் கழித்துவிடுகிறார்கள். கிடங்குக்குப் போய் அங்கே வேலை செய்பவரிடம், 'இது எனக்கு விளங்கவில்லை, கொஞ்சம் காட்டுங்கள்' என்று சொன்னால், அவர் அரைநாள் வேலையை விட்டுவிட்டுக் காட்டுவார். தன் தொழிலை விளக்கச் சொன்னால் மகிழாத மனிதர் குறைவு. கொலம்போவின் கொலையாளிகள் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இந்த மகிழ்ச்சியால்தான்.

அதே கதையின் முடிவு இன்னும் பெரியது. கடும் வெப்ப நாள் ஒன்றில் குளிர்சாதனம் நின்றிருந்ததால் அறையிலிருந்த ஒயின் எல்லாம் கெட்டுப்போயிருக்கிறது. அது கார்சினியின் தேர்ந்த நாக்குக்கு மட்டும்தான் தெரியும். அந்த நாக்கையே சாட்சியாக்கிவிடுகிறார் கொலம்போ. கைது செய்து காரில் அழைத்துப் போகும் வழியில் நிறுத்தி, ஒரு நல்ல ஒயினை எடுத்து இருவரும் குடிக்கிறார்கள். நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள் என்று கொலையாளி பாராட்ட, இதுவரை தனக்குக் கிடைத்த மிக நல்ல பாராட்டுகளில் ஒன்று அது என்பதுபோல் மகிழ்கிறார் காவலர். குற்றத்தை ஒரு அணுவும் தளர்த்தவில்லை. அந்த மனிதரின் திறமைக்குத் தர வேண்டிய மரியாதையையும் குறைக்கவில்லை. தணிக்கை அறிக்கையில் பெயர் வந்துவிட்ட பிறகு ஒருவரோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பதை இப்படித்தான் பழகினேன். அவர்களில் சிலர் இன்றும் தொலைபேசியில் பேசுகிறார்கள்.

1977இல் வந்த இன்னொரு கதை எங்கள் தொழிலையே குத்துகிறது. அதிமேதாவிகள் மட்டும் சேரும் மன்றத்தில் கொலை. செய்தவர் ஒரு கணக்கு நிறுவனத்தின் பங்குதாரர், கையாடலை மறைக்கக் கொன்றவர். தியடோர் பிக்கெல் நடித்த அந்தப் பாத்திரத்திடம் கொலம்போ தன்னைப் பற்றிப் பேசுகிறார். வாழ்க்கை முழுக்கத் தன்னைவிடப் புத்திசாலிகளையே சந்தித்து வந்ததாகவும், அவர்களைவிடக் கடுமையாக உழைத்து, அதிக நேரம் செலவிட்டு, கண்ணைத் திறந்துவைத்திருந்தால் தானும் தேறலாம் என்று நினைத்துக்கொண்டதாகவும் சொல்கிறார். வகுப்பில் நடுவரிசையில் உட்கார்ந்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட என் மனத்தைப் பிசைந்த கதை 1975இல் வந்த 'ஃபர்காட்டன் லேடி'. ஜேனட் லீ நடித்த முன்னாள் நட்சத்திரம் கிரேஸ் வீலர், மீண்டும் மேடையேறப் பணம் தர மறுக்கும் கணவரைக் கொல்கிறார். கிரேஸுக்கு மூளையில் தீராத நோய். செய்த கொலையே நினைவில் இல்லை. சில வாரங்களோ மாதங்களோதான் வாழ்வார். மருத்துவரான கணவர் அதை அறிந்தே மறுத்திருக்கிறார். கொலம்போ எல்லாவற்றையும் கண்டுபிடித்து முடித்தபின், கிரேஸை நேசிக்கும் பழைய நண்பர் ஒருவர் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறார். உங்கள் வாக்குமூலம் நிற்காது என்கிறார் கொலம்போ. உடைக்க இரண்டு மாதங்கள் ஆகலாம் என்கிறார் நண்பர். ஆகலாம் என்று ஒப்புக்கொண்டு கிளம்புகிறார் கொலம்போ.

இது சட்டப்படி சரியா என்று கேட்டால் சரியல்ல. என் தொழிலில் இதைச் செய்தால் வேலை போய்விடும். ஆனால் உண்மையைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, கண்டுபிடித்த உண்மையை எப்போது எந்த வேகத்தில் பயன்படுத்துவது என்பது வேறொரு வேலை என்று எனக்கு முதலில் காட்டியது இந்தக் காட்சிதான். வீட்டில் முதியவர்களிடமும் பிள்ளைகளிடமும் இதைப் பலமுறை கடைப்பிடித்திருக்கிறேன். (இதே கதையில்தான், துப்பாக்கிச் சுடும் தேர்வுக்குப் பல வருடங்களாகப் போகாத கொலம்போ தன் பெயரில் வேறு ஒருவரை அனுப்பப் பார்க்கிறார். இந்த ஆளையா முன்மாதிரி என்கிறாய் என்று என் மனைவி கேட்டது நியாயம்தான்.)

நன்றி சொல்லாமல் விடுவதும் சில உண்டு. 1972இல் லண்டனில் நடக்கும் கதையில், ஒரு முத்தைக் கொலம்போவே குடைக்குள் சுண்டிவிட்டுவிட்டு அதை ஆதாரமாகக் காட்டி நடிகர் தம்பதியை மாட்டவைக்கிறார். ஆதாரத்தை நாமே வைப்பது எந்த நோக்கத்துக்காக இருந்தாலும் மோசடி. ரசிகர்கள் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லும்போது எரிச்சல் வருகிறது. வேறு பல முடிவுகளும் நீதிமன்றத்தில் ஒரு நல்ல வழக்கறிஞரிடம் ஐந்து நிமிடம் தாங்காது. அதேபோல், திரையில் ஒருபோதும் வராத கொலம்போவின் மனைவியை நாயகியாக்கி 1979இல் ஒரு தனித் தொடர் எடுத்தார்கள். படைத்தவர்களே விரும்பாத காரியம். வராமலே ஒரு வீடு முழுக்க நிறைந்திருந்த பெண்ணை வரவழைத்துக் கெடுத்தார்கள். 1989இல் தொடர் வேறு நிறுவனத்தில் மறுபிறவி எடுத்து 2003 வரை ஓடியது. அதில் சில நல்லவை உண்டு, ஆனால் எழுபதுகளின் மிடுக்கு இல்லை.

இனி, அருகில் இருந்தவர்கள்.

இந்தத் தொடரின் குறுந்தகட்டுப் பெட்டியை என் மேசையில் வைத்து, 'கேள்வி கேட்பது எப்படி என்று இதில் பார்' என்று சொன்ன என் முதல் மேலதிகாரிக்கு நன்றி, ஐயா. பயிற்சி வகுப்புகளைவிட அதிகம் கற்றேன். ஆங்கில உச்சரிப்பு விளங்காமல் திணறிய காலத்தில், எழுத்துவரிகளை எங்கிருந்தோ தேடிச் சேர்த்துக் கொடுத்த தங்கைக்கு நன்றி. அவற்றைக் கூலி எதிர்பாராமல் தட்டச்சு செய்து உலகுக்குத் தந்த முகமறியாதவர்களுக்கும். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் நான் எழுந்து, வாசலுக்குப் போய், திரும்பி வருவேன் என்று தெரிந்தும் கோப்பை மூடாமல் காத்திருந்த சக ஊழியர்களே, உங்கள் பொறுமைக்குக் கணக்கு எழுத முடியாது.

பெட்டி இப்போது அலுவலக நூலகத்தில் இருக்கிறது. இரண்டு முன்னோட்டப் படங்களையும் சேர்த்து மொத்தம் 69 கதைகள். எங்கே தொடங்குவது என்று கேட்ட இளையவர்களுக்கு: 1968இல் வந்த முன்னோட்டப் படத்தை முதலில் பார்க்காதீர்கள், அதில் அவர் இன்னும் அவராகவில்லை. ஒயின் கதையில் தொடங்குங்கள். பிறகு 1974இன் 'நெகட்டிவ் ரியாக்‌ஷன்'. அதில் ஒரு கன்னியாஸ்திரி நம் லெப்டினன்டை வீடற்றவர் என்று நினைத்துக் கோட்டு தேடித்தரப் பார்ப்பார். 1971இல், அப்போது பெயர் தெரியாத இளைஞராயிருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய, தொடரின் முதல் கதையை மூன்றாவதாகப் பாருங்கள். பார்த்த பிறகு யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் என் எண் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. பகலில் இனி நான் வீட்டில்தான்.

அன்புடன்,
ஓய்வுபெறும் தணிக்கையாளர்