ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கரியமில வாயுவை பிளாஸ்மாவால், அதாவது எலெக்ட்ரான்கள் கழன்று அலையும் மின்னூட்ட வாயுவால், உடைத்துப் பயனுள்ள வாயுவாக்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிளாஸ்மாவை விளக்க சூரியன், மின்னல் வரை போயிருக்கத் தேவையில்லை. எலெக்ட்ரீஷியன் சட்டைப் பையில் குத்தியிருக்கும் டெஸ்டரே போதும். அதன் குட்டி நியான் பல்பில் ஆரஞ்சாக மினுங்குவதும் பிளாஸ்மாதான், ஆனால் தொட்டால் சுடாது. எலெக்ட்ரான்கள் மட்டும் பல ஆயிரம் டிகிரி சூட்டுக்குச் சமமான வேகத்தில் அலையும், வாயு ஆறியே கிடக்கும்.

அனல் மின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதைப் படித்தாலும் யூனிட் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. கட்டுரையில் அந்தக் கணக்கு எங்கேயும் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

ஒரு மோல், அதாவது 44 கிராம் கரியமில வாயுவை கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க 283 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். கிலோவுக்குப் பார்த்தால் ஏறக்குறைய 1.8 யூனிட். இது துளியும் வீணாகாத கற்பனைக் கருவிக்கு. ஆறிய பிளாஸ்மா வகையில் கொடுக்கிற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைக்கு ஆனாலே அதிகம். மைக்ரோவேவ், கிளைடிங் ஆர்க் (இரு முனைகளுக்கிடையே பாய்ந்தபடி நகரும் மின்வில்) வகைகளில் 40 விழுக்காடு, நன்றாக அமைந்தால் 50 வரை போகிறது. 40 என்றே வைப்போம்: கிலோவுக்கு நாலரை யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பான கிரிட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக ஒரு கிலோவை உடைக்க மூன்று கிலோவைப் புகைபோக்கி வழியே விடுகிறோம்! அந்தக் கற்பனைக் கருவியை மாட்டினாலும் 1.25 கிலோ. கிரிட்டில் வயரைச் சொருகுகிற வரை நஷ்டம்தான்.

1980களின் தொடக்கத்தில் சோவியத் விஞ்ஞானிகள், கொடுத்த மின்சாரத்தில் 80, 90 விழுக்காடு வேலைக்கு ஆனது என்று அறிவித்தது உண்மை. கட்டுரையாளர் அதை நம்பி எழுதிவிட்டார் போலும். பிறகு ஐரோப்பிய ஆய்வகங்கள் எவ்வளவோ முயன்றும் அந்த எண் திரும்பக் கிடைக்கவில்லை. நல்ல விளைச்சல் தரும் கருவிகளில் நடுப்பகுதி சில ஆயிரம் டிகிரிக்குக் காய்ந்துவிடுகிறது. வெளியே வரும் வாயுவை மிக வேகமாகக் குளிரவைக்காவிட்டால் பிரிந்த இரண்டும் மறுபடி கூடி, போட்ட மின்சாரம் வெறும் சூடாகப் போய்விடும்.

'பயனுள்ள வாயு' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத விஷம். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்களைக் கொன்றது இதுதான். ஹைட்ரஜனோடு சேர்த்தால் மெத்தனாலுக்கும் டீசலுக்கும் மூலப்பொருளாகும், மறுக்கவில்லை. ஆனால் அதை ஆக்சிஜனிலிருந்து பிரித்தெடுக்கத் தனிச் செலவு இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரியாவது வந்திருக்கலாம்.

இதையெல்லாம் சொல்வதால் ஆராய்ச்சியே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நார்வேயில் நோட்டோடன் என்ற ஊரில் 1905இலேயே இயற்பியலாளர் பிர்க்கலாந்தும் பொறியாளர் ஐடும் மின்வில்லைக் (ஆர்க்) காந்தத்தால் தட்டு போல விரித்து, காற்றிலிருந்து நைட்ரஜன் உரம் செய்தார்கள். அதுவும் பிளாஸ்மாதான். பக்கத்து அருவியில் மலிவான மின்சாரம் கிடைத்ததால்தான் அது நடந்தது. ஆனாலும் குறைந்த ஆற்றலில் அதே வேலையைச் செய்யும் ஹேபர்-போஷ் முறை வந்ததும் ஆர்க் உலைகள் ஒவ்வொன்றாக நின்றன.

நமக்கு அருவி இல்லை, ஆடிக் காற்று இருக்கிறது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும்போது, வாங்க கிரிட்டில் இடமில்லை என்று உற்பத்தியைக் குறைக்கச் சொல்வது உண்டு. பாய்லர் சூடேற மணிக்கணக்கில் காத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிளாஸ்மாவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, சுவிட்சைப் போட்டால் சில நிமிடத்தில் தயார், அணைத்தாலும் கெட்டுப்போகாது. இப்படி வீணாகும் மின்சாரத்துக்கு அது பொருந்தக்கூடும். ஆனால் வருடத்தில் நாலு மாதம் மட்டும் ஓடும் கருவி, போட்ட முதலை எடுக்குமா?

அடுத்த முறை இந்தத் துறையின் பேராசிரியர் யாரையாவது பேட்டி எடுத்தால், கிலோவுக்கு எத்தனை யூனிட், அந்த யூனிட் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் கேட்டுப் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற மின்நிலையப் பொறியாளர், மேட்டூர் அணை